மூன்றாம் எண் துணையோடி

காலை நாலே முக்காலுக்கு ஆக்னஸ் மகளுக்கான வெயிலை ஆர்டர் செய்தாள்.

அடுக்களைச் சுவரில் இருந்த பலகையைத் தொட்டால் ஊர்களின் பட்டியல் வரும். நேற்று கோத்தகிரியின் மார்கழிக் குளிர் போட்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு நன்றாக விரிந்ததாக அறிக்கை வந்தது. இன்றைக்குப் பாளையங்கோட்டைச் சித்திரை வெயில் போதும் என்று பட்டது. ஈரப்பதம் எழுபது, கடைசி இருபது நிமிஷத்துக்கு எதிர்காற்று. பலகை "பெறப்பட்டது, நன்றி" என்றது. அந்த வேலை முடிந்த திருப்தியில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

தூத்துக்குடியில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வெட்டவெளியில் ஓடக் கூடாது என்று சட்டம் வந்து இருபத்தோரு வருஷம் ஆகிவிட்டது. சட்டம் வராவிட்டாலும் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். காலை எட்டு மணிக்கே செருப்பு தாரில் ஒட்டிக்கொள்ளும் ஊரில் எவன் ஓடுவான்? ஆகவே பழைய உப்பளங்கள் இருந்த இடத்தில், வேண்டிய ஊரின் வெயிலையோ குளிரையோ உள்ளே வரவழைக்கிற தட்பக்கூடங்களை வரிசையாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் கால்பந்து மைதானம் இரண்டைக் கவிழ்த்து மூடியது போல இருக்கும். உள்ளே நீச்சல் தொட்டி, அதைச் சுற்றிச் சைக்கிள் பாதை, அதையும் சுற்றி ஓடுபாதை. பிள்ளைகளின் விளையாட்டெல்லாம் அந்தக் கூரைக்கு அடியில்தான்.

ஆக்னஸின் ஒரே மகள் ஜெனிட்டாவுக்குப் பதினான்கு வயது. அவள் முத்தடப் போட்டிக்காரி. முதலில் நீந்தி, ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏறி, அதிலிருந்து குதித்து ஓடுவதற்குப் பெயர் முத்தடம். நம் காலத்தில் டிரையத்லான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவளுடைய இடது தோளுக்குக் கீழே அரிசி அளவுக்கு ஒரு தோள்சில்லு பதித்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, தசையில் களைப்பு எவ்வளவு, எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தாள், எல்லாவற்றையும் அது அம்மாவின் பலகைக்கு அனுப்பிவிடும். தாகம் எடுப்பது ஜெனிட்டாவுக்குத் தெரிவதற்கு நாலு நிமிஷம் முன்னாலேயே ஆக்னஸுக்குத் தெரியும். ஒரு தாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெனிட்டா சாதாரணக் குழு ஒன்றில்தான் இருந்தாள். அதாவது மனிதப் பிள்ளைகள் இருந்த குழு. அதில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இவளைவிட ஒரு விரல் அளவு வேகம். ஆக்னஸ் அப்போது தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. திட்ட மாட்டாள், கை ஓங்க மாட்டாள். வண்டியில் வீடு திரும்பும்போது தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம்?"

அவ்வளவுதான். மகளின் நேரம் தோள்சில்லு வழியாக ஏற்கெனவே வந்துவிடும். வராதது அந்தப் பிள்ளையின் நேரம்தானே, அதைக் கேட்டால் என்ன? பதினோராவது மாதம் ஜெனிட்டா தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றாள். காய்ச்சல் என்றாள், காதுவலி என்றாள். சில்லு இரண்டுமே இல்லை என்றது. ஆறு மாதம் நீச்சலுடையைக் கையால்கூடத் தொடவில்லை. அந்த ஆறு மாதமும் ஆக்னஸுக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்து யோசித்து, குழுதான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தாள்.

அப்போதுதான் முத்துக்கரை முத்தடக் கழகத்தின் விளம்பரம் வந்தது. வளரும் பிள்ளையை உருவாக்குவது பாதி உடம்பு, மீதி அது யாரோடு, எந்தச் சூழலில் பயில்கிறது என்பதுதான் என்று அதில் விளக்கியிருந்தார்கள். தற்செயலாக அமைகிற குழுவை நம்பக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் கழகமே ஐந்து துணையோடிகளைத் தரும். துணையோடி என்றால் பிள்ளை உருவத்தில் செய்த இயந்திரம். ஒன்று உங்கள் பிள்ளையைவிட அரைப்படி வேகம், ஒன்று சமம், ஒன்று சற்றே பின்தங்கியது, ஒன்று சிரிக்க வைப்பது, ஒன்று பிடிவாதம் பிடிப்பது. அவற்றுக்குப் பொறாமை கிடையாது, பெற்றோர் கிடையாது.

பெற்றோர் கிடையாது என்ற இடத்தில்தான் ஆக்னஸ் விழுந்தாள். ஒப்பந்தம் நூற்றுப் பதினெட்டுப் பக்கம். நாமெல்லாம் எப்படிப் படிப்போமோ அப்படித்தான் அவளும் படித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போய் "படித்தேன்" என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை ஓட்டுகிற அவள் புருஷன் பெர்க்மான்ஸ், அவள் நீட்டிய இடத்தில் தன் விரலையும் வைத்தான்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பெற்றோர் கூடத்துக்குள் வரக் கூடாது. அவர்கள் கையில் வைத்திருக்கும் கருவிகள் துணையோடிகளின் அளவீட்டைக் கலைத்துவிடுமாம். தானோடி வண்டி வீட்டு வாசலில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும், திருப்பிக் கொண்டுவந்து விடும்.

அதன்பின் பதினைந்து மாதம் வீட்டில் பொற்காலம்தான். ஜெனிட்டா எழுப்பாமலே எழுந்தாள். நீச்சலில் இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகினாள். சைக்கிளிலிருந்து இறங்கி ஓட்டச் சப்பாத்து மாட்டுவதற்கு முன்பெல்லாம் அரை நிமிஷம் ஆகும்; இப்போது உள்ளே பவுடரைக் கொட்டி வைத்து ஒரே சொருகில் மாட்டிக்கொண்டாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு மூன்றாம் நம்பர் என்றாள். சாயங்காலமானால் துணையோடிகளின் கதைதான். இரண்டாம் நம்பர் பயிற்சி மாஸ்டரைப் போல நடந்து காட்டியது, மூன்றாம் நம்பர் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமியது, ஐந்தாம் நம்பர் கோபித்துக்கொண்டு பேசவில்லை. ஆக்னஸுக்கு அதிசயம் தாங்காது. இருமுகிற மாதிரிகூடவா செய்திருக்கிறார்கள் என்று பெர்க்மான்ஸிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். இயந்திரத்தின் நேரத்தைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்தப் பழைய கேள்வி அவள் வாயிலிருந்து தானாகவே உதிர்ந்து போயிற்று.

ரம்ஜான் பெருநாளுக்கு மறுநாள் டிபன் டப்பாவில் பாதி வட்டிலப்பம் திரும்பி வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த, காயல்பட்டினத்து வீடுகளில் செய்கிற அசல் வட்டிலப்பம். இது ஏது என்று கேட்டாள். கழகத்து அடுக்களை இயந்திரம் பழகுவதற்காகச் செய்தது என்று ஜெனிட்டா சொன்னாள். ஆக்னஸ் அதைத் தின்றுவிட்டு, அடுக்களை இயந்திரத்தைப் பாராட்டிக் கழகத்துக்கு நாலு வரி எழுதியும் போட்டாள்.

எழுதுவதில் அவளுக்குச் சோம்பலே கிடையாது. இரண்டாம் நம்பர் நீச்சல் நாட்களில் சிரிப்பு மூட்டுவதைக் குறைக்கவும். ஐந்தாம் நம்பர் இடப்பக்கமாக முந்துகிறது, திருத்தவும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பெறப்பட்டது, நன்றி.

தென்மண்டல அணித் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தபோதுதான் விவகாரம் வெடித்தது. கழகத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள். அந்த இடத்துக்காகத்தான் ஆக்னஸ் பதினைந்து மாதமாக வெயில் ஆர்டர் செய்துகொண்டிருந்தாள். அன்றைய அறிக்கையில் ஜெனிட்டா சைக்கிள் பாதையின் நடுவில் நாலு நிமிஷம் சும்மா நின்றிருப்பதாக இருந்தது. இதயத் துடிப்பு இறங்கியிருந்தது, களைப்போ வலியோ இல்லை. மகளைக் கேட்டாள். மூன்றாம் நம்பரின் சைக்கிளில் சங்கிலி கழன்றுவிட்டது, நின்று மாட்டிக் கொடுத்தேன் என்று ஜெனிட்டா சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏட்டி, அது மெஷின். அதுக்கு மாட்டத் தெரியாதா?"

"அதுக்கு அழுகை வந்துட்டும்மா," என்றாள் ஜெனிட்டா.

ஆக்னஸுக்கு வந்த கோபத்தில் தோசை கருகிப்போயிற்று. இயந்திரத்துக்கு அழத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? தேர்வு நாளில் இப்படி ஒரு தரம் நின்றால் போதும், இரண்டு வருஷப் பாடும் உப்பளத்தில் கொட்டின மாதிரிதான். மூன்றாம் எண் துணையோடியின் நினைவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கவும் என்று எழுதினாள். பெறப்பட்டது, நன்றி. மறுநாளும் எழுதினாள். மூன்றாம் நாள் எழுதவில்லை; முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேரே கிளம்பிவிட்டாள்.

கழகத்தின் முன்னறையில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸின் வயதுதான் இருக்கும். பச்சை முக்காடு, மடியில் ஒரு பெரிய கைப்பை, முகத்தில் அதைவிடப் பெரிய எரிச்சல். ஐந்து நிமிஷத்தில் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் பெயர் மைமூன், ஊர் காயல்பட்டினம். அவள் மகள் ஃபர்ஹானாவும் இங்கே ஏதோ ஒரு கூடத்தில் ஐந்து துணையோடிகளோடு பயில்கிறாள். அவளும் ஒரு துணையோடியைப் பற்றிப் புகார் சொல்லத்தான் வந்திருந்தாள்.

இயந்திரங்களைத் திட்டுவதற்கு ஒரு கூட்டாளி கிடைத்ததும் ஆக்னஸுக்கு மனம் லேசாயிற்று. தன் மூன்றாம் நம்பரின் அழுகையை அவள் சொல்ல, மைமூன் தன் மகளோடு ஓடும் நாலாம் நம்பரைப் பற்றிச் சொன்னாள். அது சதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்குமாம். புறங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் தண்ணீர் பாட்டிலை நீட்டுமாம். இயந்திரத்துக்கு எதற்கு மூக்கு ஒழுக வேண்டும் என்று மைமூன் கேட்டாள். ஆக்னஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதுகூடப் பரவாயில்ல," என்றாள் மைமூன். "சங்கிலி கழண்டா யாரையும் எதிர்பாக்காம தானே மாட்டணும்னு எம் மவளுக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன். அன்னைக்கு இது குறுக்க வந்து நின்னு மாட்டி விட்டுட்டுப் போயிருக்கு. இனி அவ எப்படித் தானாக் கத்துக்குவா? உருக்கிப் போடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். பழைய சரக்கு வேற. நெத்தியில வெட்டுத் தழும்பு இருக்காம்."

ஆக்னஸின் சிரிப்பு நின்றுவிட்டது. தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது புருவத்துக்கு மேலே, சின்னதாக, மீன்முள் மாதிரி என்றாள் மைமூன்.

ஐந்து வயதில் ஜெனிட்டா துறைமுகத்துக் கல்லில் வழுக்கி விழுந்தாள். நாலு தையல். இரத்தம் நிற்கும்வரை ஆக்னஸ் தன் சேலைத் தலைப்பை அந்த இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். அந்தச் சேலையை அவள் இன்னும் தூர எறியவில்லை.

"அது மெஷின் இல்ல," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான் பெத்தது."

மைமூன் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஆக்னஸ் மெதுவாக, பெருநாளைக்கு மறுநாள் உங்கள் மகள் வட்டிலப்பம் கொண்டுவந்தாளா என்று கேட்டாள். மைமூனின் கைப்பை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. ஒருத்தி மற்றவளின் மகளை உருக்கச் சொன்னவள், மற்றவள் இவள் மகளின் நினைவை அழிக்கச் சொன்னவள். மன்னிப்புக் கேட்பதற்கு இருவருக்குமே வாய் வரவில்லை. அதனால் ஒன்றாக எழுந்து மாஸ்டரின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாஸ்டர் ஆவுடையப்பன் ஐம்பது வயது மனிதர். பாளையங்கோட்டைக்காரர், முழங்கால் இரண்டும் செயற்கை. இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, நாற்காலியைக் காட்டினார். இருவரும் உட்காரவில்லை. போலீஸ், நீதிமன்றம், பத்திரிகை என்று ஒருத்தி விட்ட இடத்திலிருந்து மற்றவள் தொடர்ந்தாள். அவர் எதையும் மறுக்கவில்லை.

கழகம் தொடங்கிய முதல் வருஷம் நிஜமாகவே இயந்திரங்களைத்தான் ஓடவிட்டார்களாம். இரண்டு மாதம் பிள்ளைகளின் நேரம் சரசரவென்று குறைந்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. தோற்றால் அது மெஷின்தானே என்று தோளைக் குலுக்கினார்கள். ஜெயித்தாலும் அதே பேச்சு. இதுக்கு மூச்சு வாங்கவே வாங்காதா மாஸ்டர் என்று ஒரு பையன் கேட்டானாம். அன்றோடு அவர் இயந்திரங்களை ஓடுபாதையிலிருந்து இறக்கிவிட்டு, பொருத்தமான ஆறு பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார். தண்ணீரில் கெட்டிக்காரியான ஃபர்ஹானாவிடமிருந்து ஜெனிட்டா நீச்சல் படித்தாள். ஓட்டத்தை இவளிடமிருந்து அவள் படித்தாள். அவர் சொல்லிக் கொடுத்தது அதில் பாதிகூட இல்லையாம். இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுபத்து நாலாம் பக்கத்தில் இருக்கிறது என்றார். துணையோடிகள் பயன்படாதபோது கழகத்தின் பிற பிள்ளைகள் அவற்றுக்குப் பதிலாக ஓடுவார்கள்.

"பிறகு ஏன் எங்ககிட்ட மெஷின்னே சொன்னீங்க?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

"இதுக்கு முன்னால மூணு மனுசக் குழு நடத்தியிருக்கேம்மா. மூணும் உடைஞ்சுது. ஒண்ணுகூட உள்ள உடையல. எல்லாம் வெளிய, வண்டி நிறுத்துற இடத்துல."

ஆக்னஸுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அவள் பேச்சை மாற்றி, அப்படியானால் நான் தினமும் ஆர்டர் செய்த வெயில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஆறு வீட்டிலிருந்து ஆறு வெயில் வருகிறது, கூடமோ ஒன்றுதான்; ஆகவே அதை இருபத்தெட்டு டிகிரியிலேயே வைத்திருக்கிறேன் என்றார் அவர். மகளின் மூச்சைக் கோத்தகிரிக் குளிர் விரித்ததாகப் பதினைந்து மாதமாக நம்பியிருந்தவள் இப்போதுதான் அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று மைமூன் கேட்டாள். இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஒரு பையனுக்கு விக்கல் எடுத்தது என்றார். ஆறு பேரும் தொட்டியின் கரையில் உட்கார்ந்து கூடிப் பேசி, அவரிடம் வந்து ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். வீட்டில் சொல்லிவிடக் கூடாது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதை உங்கள் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

இப்போது குழு இருப்பதும் உடைவதும் இந்த இரண்டு பேர் கையில் இருந்தது. வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதி நாலு வீடும் கிளம்பி வந்துவிடும். பிள்ளையை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஆக்னஸ் வாயைத் திறந்தாள். அந்த ஆறு மாதமும் அலமாரியில் மடித்தபடியே கிடந்த நீச்சலுடை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் அவர்களைக் கண்ணாடிச் சன்னலுக்கு அழைத்துப் போனார். கீழே முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல்நிற அங்கி, தலைமூடி, வழவழப்பான சிரித்த முகம். அவைதான் முதல் வருஷத்து இயந்திரங்கள். உயரத்தைக் கூட்டி, கையில் துண்டைக் கொடுத்து உட்கார்த்தி வைத்தது பிள்ளைகளேதானாம். கைதட்டி என்று பெயரும் வைத்திருந்தார்கள். யார் வந்தாலும் அவை கைதட்டும். துண்டை நீட்டிக் கால் வலிக்கா, பசிக்கா என்று கேட்கும். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தெரியாது. பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் அவற்றின் தோளில் சாய்ந்துகொண்டு கதை பேசுவார்களாம்.

"தேர்வு ஒன்பது நாள்ல இருக்கு," என்றார் மாஸ்டர். "ரெண்டு கைதட்டிக்கு மோட்டார் போயிட்டு. ரெண்டு அங்கி சும்மாதான் கிடக்கு. வேணும்னா வந்து உக்காந்து பாருங்க. பாத்த பிறகு குழுவை உடைக்கணும்னா உடைங்க. ஆனா அதுக கேக்குறதத் தவிர வேற எதுவும் கேக்கக் கூடாது."

அந்த ஒன்பது நாளும் ஆக்னஸ் மகளைப் புதிதாகப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டில் ஜெனிட்டா கண்ணிமைக்காமல், மூன்றாம் நம்பருக்கு இன்று எண்ணெய் போட்டார்கள் என்று சொன்னாள். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள்! மகளின் தாகம் தெரியும், துடிப்பு தெரியும், உறக்கம் நிமிஷக் கணக்கில் தெரியும். அவளுக்கு இப்படி ஒரு சிநேகிதி இருப்பது மட்டும் எந்த அறிக்கையிலும் வரவில்லை. ஆக்னஸுக்கு வருத்தமாக இருந்தது. வருத்தத்தைவிட, இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாது என்ற ஆவல் பெரிதாக இருந்தது. பெர்க்மான்ஸிடம்கூட மூச்சுவிடவில்லை.

தேர்வன்று பெஞ்சின் ஒரு கோடியில் ஆக்னஸும் மறுகோடியில் மைமூனும் அங்கியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்தார்கள். நடுவில் நிஜக் கைதட்டிகள் நாலு. முகமூடிக்குள் வியர்த்து ஊற்றியது. வெயில் இருபத்தெட்டுதான், ஆனால் ஆக்னஸுக்குப் பாளையங்கோட்டைச் சித்திரையே இறங்கி வந்த மாதிரி இருந்தது.

சங்கு ஊதியதும் ஆறு பேரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். ஃபர்ஹானா முன்னால் போனாள். அவள் காலடி நுரையில் ஒட்டிக்கொண்டே ஜெனிட்டா. நெட்டையான, நீளக் கைகள் கொண்ட பெண் இந்த ஃபர்ஹானா. நினைவை அழித்துப் போடும்படியாக அவளிடம் ஒன்றும் இல்லை. சைக்கிளில் இருவரும் மாறி மாறி முன்னால் போய் மற்றவளுக்குக் காற்றைத் தடுத்துக் கொடுத்தார்கள். முன்னால் போகிறவள் கையை அசைத்தால் பின்னால் வருகிறவள் முந்துவாள், பேச்சே தேவைப்படவில்லை. சப்பாத்து மாட்டுகிற இடத்தில் இரண்டு பவுடர்ப் புகை ஒன்றாகக் கிளம்பியது. ஓட்டத்தில் ஜெனிட்டா இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில் தோளோடு தோள். ஆக்னஸ் பெஞ்சின் விளிம்பை நகம் பெயரும்படி பிடித்துக்கொண்டாள். மகள் இப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. அறிக்கையில் எண்கள் வந்தன, இந்த முகம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அதே சமயம் சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

முடிவுக் கோட்டை ஃபர்ஹானா முதலில் தொட்டாள். ஒரு கை நீளம்கூட இருக்காது.

இருவரும் கீழே விழுந்து, ஒருத்தி மேல் ஒருத்தி கிடந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு எழுந்து பெஞ்சுக்கு வந்தார்கள். ஜெனிட்டா இந்தக் கோடிக்கு வந்து, கைதட்டி நீட்டிய துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தாள். புறங்கையால் மூக்கையும் துடைத்தாள்.

"கால் வலிக்கா?" என்று கேட்டாள் ஆக்னஸ், இயந்திரம் கேட்கிற அதே தட்டையான குரலில்.

"வலிக்கி," என்றாள் ஜெனிட்டா. பெஞ்சில் உட்கார்ந்து அங்கியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அம்மாவின் தோளில் அவள் தலை சாய்த்து வருஷக்கணக்கில் ஆயிற்று. ஆக்னஸ் அசையாமல் இருந்தாள். ஜெனிட்டா கண்ணை மூடியபடி பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு வேகமாக வாழ்நாளில் ஓடினதில்லை. கடைசி வளைவில் பறக்கிற மாதிரி இருந்தது. ஃபர்ஹானாவுக்கு இடம் கிடைத்தது நல்லதுதான், அடுத்த வருஷம் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன்.

"வீட்டுக்குப் போனதும் எங்கம்மா கிட்ட சொல்லணும்," என்றாள். "மெஷின்கிட்ட தோத்துட்டேன்னு சொல்லிருவேன். மெஷின்னா அம்மா ஒண்ணும் கேக்க மாட்டா."

முகமூடிக்குள் ஆக்னஸின் கண்ணீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. இனி ஒருபோதும் இந்தக் குழுவைத் தொட மாட்டேன் என்று அந்த இடத்திலேயே மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். அந்தத் தலையை அணைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பசிக்கா என்று மட்டும் கேட்க வேண்டும். கைதட்டிகள் அடுத்து அதைத்தான் கேட்கும். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம்?"

தோளிலிருந்து தலை மெல்ல நிமிர்ந்தது. ஜெனிட்டா அந்தச் சிரித்த முகத்தை, அதன் கண் ஓட்டைகளை, உற்றுப் பார்த்தாள்.

"அம்மா?"

பெஞ்சின் மறுகோடியில் அதே நேரத்தில் இன்னொரு குரல் கேட்டது. "எத்தன செகண்டுல ஜெயிச்ச?" என்று ஒரு கைதட்டி கேட்க, ஃபர்ஹானா துள்ளி எழுந்து, "உம்மா?" என்றாள்.

நடுவில் இருந்த நாலு பேரும் எதையும் கவனிக்கவில்லை. பாதி ஓடியும் பாதி நடந்தும் கடைசியாக வந்துகொண்டிருந்த பையனுக்கு அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.